நாள் கணக்கு: கொரோனா வார்டில் கற்றுக்கொண்டவை

"ரெம்டெசிவிர் போட்டாச்சுங்களா?" 2021 மே மாதம் எங்கள் வார்டு வாசலில் நின்ற உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். ரெம்டெசிவிர் வைரஸைத் தடுக்கும் ஒரு ஊசி மருந்து. "காய்ச்சல் ஆரம்பிச்சு இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று நான் கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. நாலு நாள் என்பார் மகன், இல்லை ஏழு நாள் ஆச்சு என்பார் மருமகள். கொரோனாவில் ஒருவர் தேறுவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்த நாள் கணக்குதான் தீர்மானித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த மருந்தை யாருக்கு, எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கே ஒரு பிடி கிடைத்தது.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறவள். இரண்டு அலைகளிலும் கொரோனா வார்டில் இருந்தேன். மே 21 அன்று தமிழ்நாட்டின் ஒரு நாள் எண்ணிக்கை 36 ஆயிரத்தைத் தாண்டியது. சென்னையில் வேகம் குறையத் தொடங்கிய பிறகும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மாதக் கடைசியில் கோவையின் எண்ணிக்கை சென்னையையே மிஞ்சியது. வராந்தாவிலும் கட்டில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜனோடு காத்திருக்கும் நோயாளி, அப்படி ஒரு காலம்.

இந்த நோயை இரண்டு வாரமாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் வைரஸ் பெருகும் வாரம். காய்ச்சல், உடம்புவலி, இருமல், வாசனை தெரியாமல் போவது எல்லாம் அப்போது வரும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். சிலருக்கு ஏழாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாளுக்குள் வேறொன்று நடக்கும். வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், ஆனால் அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படை அடங்காமல் நுரையீரலையே தாக்கத் தொடங்கும். சிறு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும். காய்ச்சல் விட்டுப்போன பிறகுகூட இது நடக்கும். "காய்ச்சல் நின்னுடுச்சு, சரியாப் போச்சு" என்று வீட்டில் நிம்மதிப்படும் அதே நாளில் ஆக்சிஜன் அளவு இறங்க ஆரம்பித்திருக்கும்.

எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் இதற்கு ஒரு வழி செய்தார். அட்மிஷன் போடும்போதே காய்ச்சல் தொடங்கிய தேதியை வீட்டாரிடம் துருவித் துருவிக் கேட்டு, வெள்ளைப் பிளாஸ்திரியில் நாள் எண்ணைப் பேனாவால் எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டிவிடுவார். தினமும் காலையில் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார். ரவுண்ட்ஸ் போகும்போது 7, 8, 9 என்று ஒட்டியிருக்கும் கட்டில்களில் நான் கூடுதல் நேரம் நிற்பேன். எத்தனையோ ரத்தப் பரிசோதனை முடிவுகளைவிட அந்தப் பிளாஸ்திரி எனக்கு அதிகம் உதவியது.

எட்டாம் நாளில் வந்த விசைத்தறி ஓட்டும் ஒருவரை மறக்க முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர். நடந்தே உள்ளே வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா, சம்சாரந்தான் பயந்துக்கிட்டு இழுத்துட்டு வந்துட்டா" என்று பேசிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி 78 காட்டியது. வேறு கருவி, வேறு விரல், அப்போதும் 79. மூச்சுத் திணறல் இல்லை, முகத்தில் பயம் இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 34 மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு இழுப்பு. மூச்சுமுட்டுகிற உணர்வை நமக்குப் பெரும்பாலும் தருவது ரத்தத்தில் கூடும் கரியமில வாயு. இந்த நோயின் தொடக்கத்தில் அது வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் குறையும். அதனால் ஆபத்து வந்தது நோயாளிக்கே தெரியாது. அவர் மனைவி பயந்தது சரியான பயம். "ஆறு நாளா நல்லாப் பேசிட்டு இருந்த மனுசன் நேத்திலிருந்து பாதிப் பேச்சுல நிறுத்திக்கிறாருங்க" என்றார் அந்த அம்மா. எந்தக் கருவியும் இல்லாமல் அவர் கண்டுபிடித்தது அது.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அதனால் முதலில் சொல்வது ஆக்சிமீட்டரைப் பற்றித்தான். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை சில்லென்று இல்லாமல், நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை பொறுத்துப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான், மறுநாள் காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. 95, 96 இருப்பவர் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் சாதாரணமாக நடந்துவிட்டு மறுபடி பார்க்கலாம். மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினால் அதுவும் எச்சரிக்கை. (ஏற்கனவே மூச்சு வாங்குகிறவரை இப்படி நடக்கவிடக் கூடாது.) அப்புறம், கருவியை மட்டும் நம்பவும் வேண்டாம். கறுப்பு நிறத் தோல் உள்ள நோயாளிகளுக்கு இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நம் ஊர்த் தோலுக்கு அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 24க்கு மேல் போனால், கருவி என்ன காட்டினாலும் கிளம்புங்கள்.

இனி மருந்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் எங்கள் கையில் எதுவும் இல்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்தோம், மருத்துவப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடலாம் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரையும் வந்தது. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அப்போது உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருந்தது. அந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2003இல் சார்ஸ் வந்தது, அதுவும் கொரோனா வைரஸ்தான், 774 பேர் இறந்தார்கள். அப்போது ஏராளமான நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் முறையாகப் பிரித்து வைத்து ஒப்பிடவில்லை. அதனால் அது காப்பாற்றியதா கெடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. பதினேழு வருடம் கழித்து அதே கேள்வி எங்கள் முன்னால் வந்து நின்றது.

பதில் 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனிலிருந்து வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே இருவரும் நடத்திய 'ரிக்கவரி' ஆய்வு அது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 2,104 பேருக்கு அதைக் கொடுத்தார்கள், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு நூற்றுக்கு 41இலிருந்து 29ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26இலிருந்து 23. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? பலன் இல்லை. சொல்லப்போனால் மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு 18 பேரும் வாங்காதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நல்லது செய்யவில்லை என்பது நிச்சயம்.

ஒரே மருந்து, மூன்று கட்டம், மூன்று விளைவு. முதல் வாரத்தில் வைரஸோடு சண்டை போட உடம்புக்கு அதன் படை வேண்டும். அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் படையைக் கட்டிப்போடுகிறோம். இரண்டாம் வாரத்தில் படையே எதிரியாகிவிட்டால் அதே ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. டெக்சா ஊசி எல்லா அரசு மருத்துவமனையிலும் இருப்பது. இரண்டு மில்லி வயலில் 8 மில்லிகிராம் இருக்கும், ஒன்றரை மில்லி எடுத்தால் 6 ஆயிற்று. விலை சில ரூபாய்தான். ரெம்டெசிவிருக்காகக் கருப்புச் சந்தையில் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் அப்பாவுக்கு உண்மையில் பலன் தந்துகொண்டிருந்தது ஊசித் தட்டில் கிடந்த அந்தச் சின்னக் குப்பிதான். இதைச் சொன்னால் பலர் நம்பவில்லை. இவ்வளவு மலிவானது எப்படி நல்ல மருந்தாக இருக்கும் என்ற சந்தேகம் அவர்கள் முகத்தில் தெரியும்.

எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச்சீட்டு ஊரெல்லாம் சுற்றியது. அதைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருவார்கள். காய்ச்சல் உடனே இறங்கும், பசி எடுக்கும், உடம்பு லேசாக இருக்கும். குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஏழாம் நாள் வார்டுக்கு வரும்போது ஆக்சிஜன் 85, சுகர் 400. சுகர் இருப்பதே தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா மே மாதத் தொடக்கத்திலேயே இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தார், ஆனால் வாட்ஸ்அப்பின் வேகம் அதற்கு இல்லை.

அதன் தொடர்ச்சியாகத்தான் கருப்புப் பூஞ்சை வந்தது. கட்டுப்படாத சுகரும் தேவைக்கு மேல் போன ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு அந்தப் பூஞ்சைக்கு வாகான இடம். ஜூலைக்குள் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேல் நோயாளிகள் பதிவானார்கள். கொரோனாவிலிருந்து தப்பி வீட்டுக்குப் போன ஒரு பெரியம்மா கன்னத்தில் ஒரு பக்கம் மரத்துப் போகிறது என்று திரும்பி வந்தார். மேல்வரிசைப் பல் ஆடியது, மூக்கிலிருந்து கறுப்பாகச் சளி. பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண் வரை பரவும் முன் அறுவை சிகிச்சைக்கு அனுப்ப முடிந்தது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட யாரும், அது கொரோனாவுக்காக இல்லாவிட்டாலும், தினமும் சுகர் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் பார்த்தால் போதாது. காலையில் போடும் ஸ்டீராய்டு மத்தியானத்துக்கு மேல்தான் சுகரைத் தூக்கும். முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மரத்துப்போதல், பார்வை இரண்டாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

மற்ற மருந்துகள் எல்லாம் என்ன ஆயின? ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதே ரிக்கவரி ஆய்வில் தோற்றது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேரும் சாப்பிடாதவர்களில் 25 பேரும் இறந்தார்கள். அசித்ரோமைசினும் பயன் தரவில்லை. ஐவர்மெக்டினுக்கு ஆதரவாகப் பேசப்பட்ட ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது, பிறகு பிரேசிலில் நடந்த பெரிய ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்தது. பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை ஏற்றும் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் நாடே கண்டுபிடித்த பதில். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, இந்தியாவின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து ஐ.சி.எம்.ஆர். 'பிளாசிட்' என்ற ஆய்வை நடத்தியது. குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றியவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நோய் முற்றியது அல்லது அவர்கள் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 18 பேர். அக்டோபரில் முடிவு வெளியாகிவிட்டது. ஆனாலும் அடுத்த மே மாதம் வரை சிகிச்சை வழிகாட்டியில் பிளாஸ்மா இருந்தது. மே 17 அன்றுதான் நீக்கினார்கள். அந்த ஏழு மாதமும், குறிப்பாக அந்தக் கடைசி மாதம், எத்தனை பிள்ளைகள் 'ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை' என்று முகநூலில் இரவெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அது.

ரெம்டெசிவிர் அப்படி முழுக்கத் தோற்ற மருந்தில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 'சாலிடாரிட்டி' ஆய்வின் இறுதி முடிவில், ஆக்சிஜன் தேவைப்பட்டு வென்டிலேட்டருக்குப் போகாதவர்களில் இறப்பு நூற்றுக்கு 16.3இலிருந்து 14.6ஆகக் குறைந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பலன் இல்லை. வைரஸைத் தடுக்கிற மருந்து என்பதால் முதல் வாரத்தில் போட்டால்தான் அதற்கு வேலை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் முகக்கவசத்தோடு நெருக்கியடித்து வரிசையில் நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருடைய சொந்தக்காரர்கள் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், வென்டிலேட்டரில் இருந்தார்கள். ஆறு குப்பிக்காக அந்தக் குடும்பம் நகையை அடகு வைத்தது, கூட்டத்தில் நின்று தானும் நோயை வாங்கிக்கொண்டது.

"எனக்குக் கொடுத்தாங்க, சரியாப் போச்சு" என்பது ஏன் ஆதாரம் ஆகாது என்று பலர் கேட்பார்கள். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் எதுவும் சாப்பிடாவிட்டாலும் தேறிவிடுவார்கள். அந்த நேரத்தில் வாயில் போட்டது எதுவானாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஒரு வார்டில் இருபது பேருக்குக் கொடுத்துப் பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போனால் மருத்துவருக்கும் அந்த மயக்கம் வரும். குலுக்கல் முறையில் இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்குக்குக் கொடுத்து மறு பங்குக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் மருந்து செய்தது எது, உடம்பு தானே செய்துகொண்டது எது என்று பிரியும். எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் போதாது. 2020 மே மாதம் 96 ஆயிரம் நோயாளிகளின் விவரம் என்று சொல்லி லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தத் தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை, இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள்.

கபசுரக் குடிநீரைப் பற்றிக் கேட்காத நோயாளியே இல்லை. குடிப்பவர்களை நான் தடுக்கவில்லை. உயிரிழப்பைக் குறைத்தது என்று காட்டும் பெரிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் அதை நம்பி ஆக்சிஜன் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆபத்து கசாயத்தில் இல்லை, தாமதத்தில் இருந்தது.

வார்டில் உண்மையான மருந்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஆக்சிஜனைச் சொல்வேன். அதைப் பற்றிக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது ரொம்ப உதவும். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை, சாதாரண மாஸ்க்கில் பத்து வரை, அடியில் பை தொங்கும் என்.ஆர்.பி.எம். மாஸ்க்கில் பதினைந்து வரை கொடுப்போம். ஆள் உயரத்துக்கு நிற்கும் ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். பதினைந்து லிட்டர் வீதம் போனால் எட்டு மணி நேரம்கூட வராது. அதிவேகமாக அனுப்பும் எச்.எஃப்.என்.சி. கருவி அறுபது லிட்டர் வரை இழுக்கும், அதற்கு இரண்டு மணி நேரமே தாங்காது. எனவே 99 வரை ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. 92க்கும் 96க்கும் இடையில் நிறுத்தினால் போதும். கூடுதலாகத் திறந்துவிட்ட ஒவ்வொரு லிட்டரும் பக்கத்துக் கட்டிலுக்குப் போக வேண்டியது.

அந்தப் பை வைத்த மாஸ்க்கை மாட்டும் முன் பை நிரம்பியிருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது பை முழுக்கச் சப்பையாக ஒட்டிக்கொண்டால் அளவு போதவில்லை என்று பொருள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு அரை மணி நேரம் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பார்கள், எண் 70க்கு இறங்கியிருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மூக்குக் குழாய் மாற்றித் தரச் சொல்லலாம். எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்தியது கழிப்பறை. படுக்கையிலேயே போவதற்குக் கூச்சப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போவார்கள். கதவைத் தாழ் போட்டுக்கொள்வார்கள். உள்ளேயே விழுந்தவர்களைத் தூக்கி வந்திருக்கிறோம், எல்லாரையும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. "தாத்தா, கொஞ்ச நாளைக்கு நான் உங்க பேத்தின்னு நெனச்சுக்கோங்க, இங்கேயே போங்க" என்று கெஞ்சியிருக்கிறேன். வீட்டில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் இந்த ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். கட்டில் பக்கத்தில் கழிப்பு நாற்காலி, இல்லாவிட்டால் தாழ் போடாத கதவும் கூடவே ஒரு ஆளும்.

காசு செலவில்லாத இன்னொன்று குப்புறப் படுப்பது. நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்று நன்றாகப் போகும். ஆறு நாடுகளில், எச்.எஃப்.என்.சி.யில் இருந்த 1,121 பேரை வைத்து நடந்த ஆய்வில், குப்புறப் படுக்க வைத்தவர்களில் வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் போட நேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து நூற்றுக்கு 40, மற்றவர்களில் 46. கழுத்தடியில் ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, கால் முட்டிக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, முடிந்த அளவு நேரம், இடையிடையே ஒருக்களித்து. கர்ப்பிணிகள், தீவிர இதயநோய் உள்ளவர்கள், முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள் வேண்டாம். தறிக்காரர் முதலில் முரண்டு பிடித்தார். குப்புறப் படுத்ததும் எண் 86இலிருந்து 93க்கு ஏறியதை அவர் மனைவியே கருவியில் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் புரண்டால் அந்த அம்மா விடவில்லை. டெக்சா, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், இன்சுலின், இவ்வளவுதான் அவருக்குப் போன மருந்து. நடந்தேதான் வீட்டுக்குப் போனார். இதே சிகிச்சை கொடுத்தும் காப்பாற்ற முடியாதவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

சி.டி. ஸ்கேன் பற்றி ஒரே வரி: ஆக்சிஜன் சரியாக இருப்பவர், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் ஓடிப்போய் எடுத்து, நுரையீரலில் 'பத்து பெர்சென்ட்' பாதிப்பு என்று பயந்துகொண்டு வர வேண்டியதில்லை, அதனால் சிகிச்சை எதுவும் மாறப் போவதில்லை.

தடுப்பூசி விஷயத்தில் நமக்கு வெளியூர் ஆதாரமே தேவைப்படவில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரத்தை ஐ.சி.எம்.ஆரின் சென்னை தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை, ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை, ஆனாலும் ஒரே வேலை, ஒரே சாலை, ஒரே காலம். வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்களிடம் பார்த்தபோதும், இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆக்சிஜன் தேவைப்படும் நிலை 92 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அந்த மே மாதம் எங்கள் வார்டில் இருந்தவர்களில் ஊசி போட்டவர்கள் மிகக் குறைவு. 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மே மாதத்தில்தான் வாசல் திறந்தது, ஊசியும் போதுமான அளவு வரவில்லை. முப்பதுகளில் இருந்த அந்த முகங்களை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

அடுத்து ஒரு புதிய வைரஸ் வந்தால் அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று முதல் நாளில் எந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்காது. அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள ஒரே வழி, நோயாளிகள் ஆய்வில் சேர்வது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ரிக்கவரி ஆய்வில் இருந்தார்கள். அதனால்தான் மூன்றே மாதத்தில் டெக்சாவின் பதில் கிடைத்தது, நம் ஊர்த் தறிக்காரருக்கும் அது வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 'சோதனை எலி ஆக்குறாங்க' என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. எனவே ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் இவற்றைக் கேளுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவான எண் என்ன? புது மருந்து கிடைக்காத பங்கில் விழுந்தாலும் வழக்கமான சிகிச்சை முழுக்கக் கிடைக்குமா? நடுவில் விலகினால் என் சிகிச்சை பாதிக்குமா? பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியை வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். பதில்கள் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.